தொலைநிலையில் திராட்சை, ஒயின் படிப்பு: செய்முறைக்கு வழி பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்போது பார்க்கும் வேலையை விடாமல், திராட்சை வளர்ப்பையும் ஒயின் தயாரிப்பையும் தொலைநிலைக் கல்வியில் படிக்க முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். முடியும். ஒயின் அறிவியலில் பட்டப்படிப்பையே தொலைநிலையில் நடத்திப் பெயர் பெற்றது ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் படிப்புகளை நடத்தி வந்திருக்கின்றன. சேர நினைப்பவர்கள் பாடத்திட்டத்தைப் பார்க்கிறார்கள், கட்டணத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் பாடம் வரும் மாதமும் கொடியின் பருவமும் ஒத்துப்போகுமா, கையால் செய்ய வேண்டியதை எங்கே செய்வது என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் யோசிக்கிறார்கள். அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

வட அரைக்கோளத்தில் அறுவடை பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. பூமியின் மறுபாதியில் இருக்கும் நிறுவனத்தில் சேர்ந்தவருக்குக் கவாத்து (கொடியை வெட்டிச் சீராக்குவது) பாடம் வரும்போது அவர் பக்கத்துத் தோட்டத்தில் காய் முற்றிக்கொண்டிருக்கும். வெப்பமண்டலத்தில் கொடி குளிர்கால உறக்கத்துக்கே போவதில்லை. அங்கே கவாத்துக் கணக்கே வேறு. ஆகவே ஒளிப்பதிவுகள் எத்தனை மாதம் திறந்திருக்கும், பருவம் வரும்போது அதே பாடத்துக்குத் திரும்பிப் போக அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. அடுத்த ஆண்டுப் பூங்கொத்தின் கரு, இந்த ஆண்டு கொடி பூக்கும் நாட்களையொட்டியே மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அப்போது இலை நெருக்கமாகி மொட்டுக்கு வெளிச்சம் குறைந்தால், கொத்து குறைவது மறு ஆண்டில்தான் தெரியும். ஓராண்டுப் படிப்பில் இதைக் கண்ணால் பார்க்க வாய்ப்பே இல்லை.

கவாத்தை ஒளிப்பதிவு பார்த்துக் கற்றுவிடலாம் என்று நம்ப வேண்டாம். ஆனால் கவாத்துக்கு முந்தைய வேலை ஒன்றை வீட்டு மேசையிலேயே நன்றாகப் பழகலாம். அதுதான் மொட்டு அறுத்துப் பார்ப்பது. உறங்கும் கொடிகளிலிருந்து 10 முதிர்ந்த குச்சிகள், குச்சிக்கு 10 மொட்டு, ஆக 100. புதிய சவரப் பிளேடால் மொட்டின் நுனியிலிருந்து மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டே போனால், ஒரே மொட்டுக்குள் மூன்று மொட்டுகள் தெரியும். நடுவில் இருக்கும் பெரியதுதான் முக்கியம். பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. உறைபனி அடித்த மறுநாளே அறுத்தால் செத்ததும் பச்சையாகவே தெரிந்து ஏமாற்றும். குச்சிகளை ஓரிரு நாள் அறை வெப்பத்தில் வைத்த பிறகு அறுக்க வேண்டும். 100-க்கு 20 செத்திருந்தால், கொடிக்கு 24 மொட்டு விடுவதாக இருந்த இடத்தில் 30 விட வேண்டும். குச்சிகளை அருகிலுள்ள தோட்டத்திலேயே கேட்டு வாங்குங்கள், வெளியூரிலிருந்து தபாலில் வரவழைக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்செரா என்ற வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது இப்படிக் கொடிகளோடு கொடியாகத்தான்.

நோய் கண்டறிதலைப் படம் பார்த்து மட்டும் படித்தவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம், இலையின் அடியில் வெண்பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோய். கொப்புளச் சிலந்திப்பேன் (எரியோஃபிட் வகை) தாக்கிய இலையிலும் அடியில் வெண்மையான ரோமம் படரும்; படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தச் சிலந்திப்பேன் தாக்கிய இலையின் மேற்புறம் கொப்புளமாக மேடு தட்டியிருக்கும். அடிச்சாம்பலில் மேடு இருக்காது, எண்ணெய் பட்டது போன்ற மஞ்சள் திட்டுதான் இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் இலையை ஈரத்தாளோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இரவு முழுக்க இருட்டில், சுமார் 20 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அடிச்சாம்பல் என்றால் காலையில் திட்டுக்கு நேர் அடியில் புதிதாக வெண்பூஞ்சை படர்ந்திருக்கும்.

ஆய்வகப் பகுதியில் தொலைநிலை மாணவர் கைவைக்காமலே தேறிவிடும் பாடம் அமிலத் தரம்பார்த்தல், அதாவது காரக் கரைசலைச் சொட்டி அமில அளவைக் கண்டறிவது. சுட்டியை அழுத்தினால் பியூரெட் (அளவு குறித்த சொட்டுக்குழாய்) சொட்டும் கணினிப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு, செய்முறை முடிந்தது என்கிறார்கள். இது எனக்கு ஏற்புடையதல்ல. ஒரு பியூரெட், 5 மி.லி. பிப்பெட் (உறிஞ்சி அளக்கும் குழாய்), 0.1 நார்மல் (செறிவின் அலகு) சோடியம் ஹைட்ராக்சைடு, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். பழச்சாறு 5 மி.லி. எடுத்து, பி.எச். 8.2 வரும்வரை சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செலவான ஒவ்வொரு மி.லி.க்கும் லிட்டருக்கு 1.5 கிராம், டார்டாரிக் அமிலக் கணக்கில். 4.6 மி.லி. ஆனால் 6.9 கிராம்.

கணக்கு எளிது, தவறு நுழைவது வேறு வழியில். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து நாளாக நாளாக வலுவிழக்கும். அப்போது அது அதிகம் செலவாகும், அமிலம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். அதை நம்பி அமிலத்தைக் குறைக்கப் போனால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. 6 கிராம் டார்டாரிக் அமிலத்தை நீரில் கரைத்துச் சரியாக 1 லிட்டராக்குங்கள். அதில் 5 மி.லி.க்கு 4.0 மி.லி. மட்டுமே செலவாக வேண்டும். 4.4 ஆனால் உங்கள் கரைசல் 0.1 அல்ல, சுமார் 0.091 நார்மல்தான். நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றிலும் இளம் ஒயினிலும் கரைந்திருக்கும் வாயுவை முதலில் குலுக்கியோ மிதமாகச் சூடாக்கியோ வெளியேற்றாவிட்டால் அதுவும் அமிலமாகக் கணக்கில் ஏறிவிடும். பி.எச். மீட்டரை ஒவ்வொரு முறையும் 4.00, 7.00 ஆகிய இரண்டு கரைசல்களிலும் சரிபார்க்க வேண்டும்.

சர்க்கரை அளவில் ஒரே ஒரு எச்சரிக்கை போதும். ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் தோட்டத்துக்கு உரியது. நொதித்தல் தொடங்கிவிட்டால் ஆல்கஹால் அதன் அளவைக் கூட்டிக் காட்டும். அதன் பிறகு சாற்றில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர்தான். அதையும் சுழற்றிவிட்டு, ஒட்டிய குமிழிகள் உதிர்ந்த பிறகே அளவைப் படிக்க வேண்டும்.

ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு பற்றிய பாடத்தில் ‘லிட்டருக்கு 30 மில்லிகிராம்’ என்று ஒற்றை எண்ணை மனப்பாடம் செய்பவர்கள்தான் பின்னால் ஒயினைக் கெடுக்கிறார்கள். நுண்ணுயிரைத் தடுப்பது அதன் மூலக்கூறு வடிவம், அது பி.எச். ஏற ஏறச் சுருங்கும். மூலக்கூறு வடிவில் 0.8 மில்லிகிராம் வேண்டுமானால், கட்டுப்படாத (ஒயினின் பிற பொருள்களோடு பிணையாத) கந்தக டை ஆக்சைடு பி.எச். 3.2-இல் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம் போதும்; 3.4-இல் 32, 3.6-இல் 50, 3.8-இல் கிட்டத்தட்ட 80 தேவை. இதைச் சேர்க்கப் பயன்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் தூளின் எடையில் கந்தக டை ஆக்சைடாவது 57.6 சதவீதம். 20 லிட்டருக்கு 30 மில்லிகிராம் வீதம் சேர்க்க 1.04 கிராம் வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

ஒயின் தயாரிக்க உரிமம் தேவைப்படும் இடத்தில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். மேலே சொன்ன அமிலம், பி.எச்., சர்க்கரை அளவுகள் அனைத்தையும் புதிய திராட்சைச் சாற்றிலேயே பழகலாம். நொதித்தலுக்கு மட்டும் அறுவடைக் காலத்தில் உரிமம் பெற்ற ஆலையில் மூன்று, நான்கு வாரம் வேலைக்குப் போய்விடுவது நல்லது. சிவப்பு ஒயினில் மேலே மிதக்கும் தோலடுக்கு, அடியிலுள்ள சாற்றைவிடப் பல டிகிரி சூடாக இருப்பதை அங்கே கையை வைத்துத்தான் உணர முடியும். ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 40 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். காற்றோட்டமில்லாத அறையில் அது தரையோடு தேங்கி ஆளையே கொன்றுவிடும். இதைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

கல்வி நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். அமில அளவை வெளியில் சொல்லாத மாதிரிக் குப்பிகள் மூன்றை ஒவ்வொரு மாணவருக்கும் அனுப்புங்கள். அவர் கண்ட எண்ணை வாங்கி மதிப்பெண் போடுங்கள். லிட்டருக்கு 0.2 கிராமுக்கு மேல் பிசகினால் மறுபடி செய்யச் சொல்லுங்கள். சுவைப் பயிற்சியிலும் அப்படியே. மூன்று கோப்பையில் இரண்டு ஒன்றாக, ஒன்று மட்டும் வேறாக வைத்து வேறானதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனையை வீட்டிலுள்ள ஒருவர் உதவியோடு நடத்திவிடலாம். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் பலமுறை செய்ய வேண்டும்.

படிப்பில் சேருவதற்கு முன்பே அருகிலுள்ள தோட்டக்காரரிடம் ஒரே ஒரு வரிசையை, 20 கொடிகளை, இரண்டு ஆண்டுக்குக் கேட்டு வாங்குங்கள். அறுவடையில் ஒவ்வொரு கொடியின் பழத்தையும், அடுத்து வரும் கவாத்தில் அதே கொடியில் வெட்டிய குச்சியையும் தனித்தனியே எடை போட்டு எழுதுங்கள். பழ எடையைக் குச்சி எடையால் வகுத்தால் பெரும்பாலும் 5-க்கும் 10-க்கும் இடையே வர வேண்டும். 10-ஐத் தாண்டினால் கொடிக்குச் சுமை அதிகம், 5-க்குக் கீழே போனால் இலையும் குச்சியுமாகப் பெருத்துவிட்டது. அடுத்த கவாத்தில் எத்தனை மொட்டு விடுவது என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
திராட்சை, ஒயின் செய்முறைப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர்