தோட்டத்தை மீட்கச் சிமெண்ட் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கவனிப்பின்றிப் புதர் மண்டிக் கிடக்கும் வீட்டுத் தோட்டத்தைச் சீராக்கி, உறவினரும் நண்பர்களும் வந்தால் ஆற அமர உட்கார்ந்து பேசும் இடமாக மாற்ற விரும்புவது வரவேற்கத்தக்கது. ஆனால், அந்த வேலை பல வீடுகளில் பொக்லைன் வைத்து எல்லாவற்றையும் வழித்தெடுப்பதில் தொடங்கி, சுவருக்குச் சுவர் சிமெண்ட் பூசுவதில் முடிந்துவிடுவது வேதனை அளிக்கிறது. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த நிழல்மரத்தைச் சாய்த்துவிட்டு, அதே இடத்தில் வெயிலுக்குத் தகரக் கூரை போடுவது எந்த வகையில் பொருந்தும்?

முதலில் முட்செடிகளையும் படர்கொடிகளையும் மட்டும் கையால் அகற்ற வேண்டும். புதருக்குள் பாம்பு பதுங்கியிருக்கலாம், பறவை கூடு கட்டியிருக்கலாம் என்பதால், முழங்கால் வரை மூடும் காலணி அணிந்து, பார்த்துப் பார்த்து நிதானமாகச் செய்வது நல்லது. அடர்த்தி குறைந்த பிறகுதான் மாலை வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் தெரியவரும். நாற்காலி போடும் இடத்தை அதற்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும். மரங்களுக்குக் கவாத்து, அதாவது தேவையற்ற கிளைகளைக் கழித்துவிடுவது, போதும். அதிலும் ஒரே முறையில் கிளைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது.

ஆறு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுவதற்கு 3 மீட்டர் நீள அகலமுள்ள தளம் தாராளம். சுமார் 10 செ.மீ. கனத்துக்கு ஜல்லி பரப்பித் திமிசு (தரையை இடித்து இறுக்கும் கருவி) போட்டு இறுக்கி, அதன்மேல் மணல் விரித்து, கற்களை இடைவெளி விட்டுப் பதித்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும். வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. வாட்டம் (சரிவு) கொடுக்க வேண்டும். கொத்தனாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.

மரத்தின் தூரை ஒட்டி மட்டும் தளம் அமைக்கவே கூடாது. நீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே பரவியிருக்கிறது. அந்த மண்ணை இறுக்கி மூடினால் காற்றும் நீரும் வேருக்குப் போய்ச் சேராது. மரம் உடனே காய்ந்துவிடாது. சில ஆண்டுகளில் நுனிக்கிளைகள் பட்டுப்போகத் தொடங்கும்போது, தளம்தான் காரணம் என்று எவருக்கும் தோன்றுவதுமில்லை. கண்ணெதிரே ஒரு மரம் இப்படி நலிவதைப் பார்ப்பது தாங்க முடியாதது.

தங்கள் நாளிதழ் கவாத்து செய்யும் முறையையும், வேரைச் சிதைக்காமல் கல் பதிக்கும் முறையையும் படங்களுடன் வெளியிட்டால், இந்த வேலையைத் தொடங்கவிருக்கும் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்