வாழப்பாடிக்கு, குகையிலிருந்து

சேலம்
தை 27

அன்புள்ள வாழப்பாடி,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குச் சாக்குப்போக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. முதலில் உன் நிஜப் பெயரைப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். தாசில்தாருக்கு மனு எழுதுவதுபோல இருந்தது, கிழித்துப்போட்டேன். வகுப்பில் ஊர்ப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்; நீ வாழப்பாடி, சேலத்தில் குகைப் பகுதிக்காரன் நான் குகை. இந்த வயதில் அதை ஏன் மாற்ற வேண்டும்?

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? உங்கள் புனே குளிரில் காலையில் எழுந்து கோலம் போடுகிறேன் என்று கிளம்பிவிடுவார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்.

நீ எழுதிய ஹுர்டா கதையை வீட்டில் சத்தமாகப் படித்துச் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் ஒன்றரை மணி நேரம் போய், தலைக்கு இவ்வளவு என்று கட்டி, வரட்டித் தணலில் வாட்டிய பச்சைச் சோளத்தைப் பூண்டுச் சட்னியும் வெல்லமும் தொட்டுத் தின்றுவிட்டு வந்தாயாக்கும்! உங்கள் காட்டில் பால் பிடித்த கதிரைத் தணலில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு என் கையில் கொட்டினவன் நீதானேடா. அதற்கு நான் என்ன கட்டினேன்? பரீட்சைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கடன் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, மராட்டியர்கள் கெட்டிக்காரர்கள். பண்ணைச் சுற்றுலாவுக்கென்று 2020இல் அரசே ஒரு கொள்கை கொண்டுவந்து, விவசாயிக்கு அதில் நாலு காசு வரும்படி வழி பார்த்திருக்கிறார்கள். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை.

உன் கடிதத்தைப் படித்த கையோடு எங்கள் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார்கள். “புனே மாமா போனாங்கல்ல, நாமளும் போலாம்ப்பா.” சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். தலைக்கு 600 ரூபாய். வாசலில் பிளாஸ்டிக் வைக்கோல் போர், அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க ஒரு பலகை. மாட்டு வண்டியில் ஒரு சுற்று. அந்த மாட்டின் முகத்தைப் பார்த்தால் நமக்கே இறங்கி நடக்கத் தோன்றும். மதியம் கோபி மஞ்சூரியன். திரும்பி வரும்போது சின்னவன் கேட்டான்: “அங்க விவசாயி யாருப்பா?” யோசித்துப் பார்த்தேன். டிக்கெட் கிழித்த பையனைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

அதனால் அடுத்த வாரம் என் வீட்டுக்காரியின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, அவர் காட்டுக்குப் போனோம். பெத்தநாயக்கன்பாளையத்துக்கு உள்ளே, உனக்குத் தெரிந்த பாதைதான். வழியில் முத்துமலை முருகன் நிற்கிறார். 2022இல் கும்பாபிஷேகம் ஆனது, 146 அடி. மலேசியாவில் பத்துமலை முருகன் 140. நீ ரயிலில் வந்துபோன காலத்தில் அங்கே வெறும் மேடுதானே. இப்போது ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை. இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பெரிய மாமா காட்டில் அன்றைக்குக் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, பிடுங்குகிறார்கள். எங்களுக்காக ஏற்பாடு செய்ததில்லை. லாரி வருகிற நாள், அவ்வளவுதான். ஆட்கள் வரிசையாக வெட்டிக்கொண்டே போக, எங்கள் பெரியவள் ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தம்பியும் சேர்ந்துகொண்டான். அப்போதும் வரவில்லை. பெரிய மாமா வந்து தண்டை இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, “இப்ப இழுங்க சாமி” என்றார். பொதுக்கென்று மண்ணைப் பிளந்துகொண்டு ஆறேழு கிழங்கு ஒரே கொத்தாக மேலே வந்தது, இரண்டும் மல்லாக்க விழுந்தன. ஈரமண் வாசனையோடு கிழங்கில் ஒரு பச்சை வாடை வரும், ஞாபகம் இருக்கிறதா? மேல்தோல் காப்பி நிறம், அதை நகத்தால் கீறினால் அடியில் இளஞ்சிவப்பு, அதற்கும் உள்ளே பால் வெள்ளை.

அப்புறம் ஒரு கலவரம். கட்டியிருந்த வெள்ளாட்டுக்குத் தின்னக் கொடுக்கலாம் என்று சின்னவன் குச்சிக்கிழங்குத் தழையை ஒரு கை ஒடித்துக்கொண்டு ஓடினான். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரிய மாமா, எழுபது வயசு மனுசன், எழுந்து ஓடினார் பார்! தழையைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் மூச்சு விட்டார். பச்சைத் தழையில் சயனைடு விஷம் ஊறும். ஒரு மேய்ச்சலில் ஆடு வயிறு உப்பிச் சாய்ந்துவிடும். கிழங்கையும் அதனால்தான் தோலை உரித்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தின்கிறோம். இத்தனை வருஷம் தின்கிறேன், காரணம் எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பையன் அழுதுவிட்டான். ஆடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

சமாதானப்படுத்த அவன் கையில் கொடுத்த வேலை, குச்சி நடுவது. “விதை எங்க தாத்தா?” என்று கேட்டான். “இதுதான் விதை” என்று சாண் நீளத்துக்கு வெட்டிய தண்டுத் துண்டுகளைக் கொடுத்தார். இரண்டு பேரும் மும்முரமாக இருபது குச்சி நட்டார்கள். பெரிய மாமா போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பாதிக்கு மேல் தலைகீழ்! கணு மேலே பார்த்திருக்க வேண்டுமாம். பிடுங்கித் திருப்பி நட்டது பெரும்பாலும் நான்தான். கிழங்கு வர பத்து மாசம் ஆகும் என்றதும் சின்னவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

மதியம் தோட்டத்திலேயே பானையில் உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்த கிழங்கு, அம்மியில் அரைத்த வரமிளகாய்ப் பூண்டுச் சட்னி. உங்கள் ஹுர்டாவுக்கும் பூண்டுச் சட்னிதான் என்று நீ எழுதியது அப்போது ஞாபகம் வந்தது.

லாரி போன சேகோ ஆலைக்கும், அதாவது ஜவ்வரிசி ஆலைக்கும், பின்னாலேயே போனோம். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. அந்த நேரத்தில் பெரிய மாமா பேசவே மாட்டார், தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே கிழங்கைத் தோல் சீவிக் கழுவி அரைத்துப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பால் தொட்டியில் தெளிந்து அடியில் மாவு தங்குகிறது. அந்த ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி உருட்டி, சூடான தகட்டில் வாட்டி, களத்தில் காயப்போடுகிறார்கள். நாலைந்து கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ ஜவ்வரிசி கிடைத்தால் உண்டு. களம் முழுக்க வெள்ளை, வெயிலில் கண் கூசுகிறது. கழிவுநீரின் புளித்த நாற்றம் மட்டும் மூக்கைத் துளைக்கும், அதை மறைத்து என்ன பயன்? பெரியவள் மூக்கைப் பொத்திக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள்.

இங்கேதான் உனக்கு ஒரு சேதி. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் வெளிநாட்டு மாவு வராமல் போனபோதுதான் நம் ஊரில் இந்தத் தொழில் பிடித்தது. ஆலைக்காரர்களும் வியாபாரிகளும் இழுத்துக்கொண்டு கிடந்த விற்பனைக்கு 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. ஆனால் நாம் எவ்வளவு தின்கிறோம்? பாயசத்துக்கு ஒரு பிடி, வெயில் காலத்தில் வடகம். மூட்டை மூட்டையாக லாரி ஏறுவது மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் வங்காளத்துக்கும். ஏகாதசிக்கு உன் பக்கத்து வீட்டம்மா கொடுத்தனுப்பினார்களே சாபுதானா கிச்சடி, வேர்க்கடலையும் சீரகமும் போட்டது, “இது என்ன ஊர் சாப்பாடோ” என்று எழுதியிருந்தாயே, சாபுதானா என்பது நம் ஜவ்வரிசிதான், அது உன் ஊர் சாப்பாடுடா! இன்னும் கொஞ்ச நாளில் சிவராத்திரி விரதம் வருகிறது. உன் தெருவில் சூடாகச் சாபுதானா வடை போட்டால் வாங்கி அம்மாவுக்குக் கொடு, எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார். மூக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள்.

வெல்லம் காய்ச்சுகிற இடத்துக்கும் போகலாம் என்றிருந்தேன், ஓமலூர்ப் பக்கம். நேரம் இல்லை. மறுநாள் செவ்வாய்ப்பேட்டையில் கருப்பு வெல்லமாகப் பார்த்து வாங்கி வந்தேன். மஞ்சளாக மினுமினுக்கிற வெல்லம் என்றால் இப்போது எனக்குப் பயம், சர்க்கரையும் ரசாயனமும் கலக்கிறார்கள் என்று அடிக்கடி பிடிபடுகிறது.

காட்டுக்குப் போன அன்று சாயங்காலம் ஊருக்குள் நுழைந்ததும் இரண்டும் ஒரே குரலில் “செட்டு!” புனேக் கடையில் தஹி பூரி தின்றதும் தட்டுவடை செட்டுதான் ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தாய். ஞாபகம் வரட்டும், ஒப்பிடாதே. பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் நான் போகிற தள்ளுவண்டியில் அந்த அம்மா கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு காட்சி. ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தட்டுவடைகளைச் சீட்டுக்கட்டுபோலத் தட்டில் பரப்புவார். எல்லாவற்றிலும் ஒரே இழுப்பில் மல்லி புதினாச் சட்னி. துருவின பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கின வெங்காயம் மூன்றும் விரல் நுனியில் ஒன்றாக வந்து விழும், ஒரு துணுக்குகூடத் தட்டில் சிந்தாது. மேலே சிவப்புச் சட்னி, அதற்கு மேல் இன்னொரு தட்டுவடை மூடி. தட்டு கைக்கு வந்த பிறகு பேசக் கூடாது. ஒரு நிமிஷம் தாண்டினால் நமத்துவிடும். நறுக்கென்று உடையும்போதே காரமும் பீட்ரூட்டின் இனிப்பும் சேர்ந்து இறங்க வேண்டும். இப்போது சீஸ் செட், மயோனைஸ் செட் எல்லாம் வந்துவிட்டது. பெரியவளுக்கு அதுதான் பிடிக்கிறது. நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். எனக்கு எப்போதும்போல ஒரு செட், அப்புறம் ஒரு நொறுக்கல். உடைந்த தட்டுவடையை வீணாக்காமல் நொறுக்கிப் பிசைந்து கொடுக்க முதலில் யாருக்குத் தோன்றியதோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஒன்றை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். திரும்பும் வழியில் உங்கள் காட்டில் வண்டியை நிறுத்தினேன். நீ விற்ற பிறகு நான் அந்தப் பக்கம் இறங்கினதே இல்லை. வாங்கினவர் நல்ல மனுசன். சோளம் போட்ட இடம் முழுக்கப் பாக்குத் தோப்பாகிவிட்டது, உள்ளே போனால் வெயிலே தெரியவில்லை. யார் என்று சொன்னதும் மோர் கொடுத்தார். உன் அப்பா ஈரச் சிமெண்டில் குச்சியால் எழுதினாரே கிணற்று மேடையில், 1987 என்று? அது அப்படியே இருக்கிறது. ஏழு மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. தண்ணீரும் கிடக்கிறது, நாம் குதித்த உயரத்துக்கு இல்லை. பசங்கள் உதிர்ந்த பாக்கு மட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, ஒருத்தர் உட்கார ஒருத்தர் இழுத்து, தோப்பு முழுக்க ஒரு மணி நேரம் சவாரி விட்டார்கள். அந்த 600 ரூபாய்ப் பண்ணையில் இப்படி ஒரு சத்தம் வரவில்லை. வாங்கினவரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். “அவுங்க வந்தா கூட்டிக்கிட்டு வாங்க” என்றார். சித்திரையில் வருகிறாய்தானே? மாம்பழமும் வந்துவிடும். அம்மாவிடம் கிணற்றைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்பதை உன் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. தட்டுவடை இரண்டு பொட்டலம். சட்னி வைக்கவில்லை, போனமுறை என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்; அங்கேயே அரைத்துக்கொள். பழைய செய்தித்தாளில் சுற்றியிருப்பது விறகு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே. பெரிய மாமா காட்டுக் குச்சி, இரண்டு. அம்மா மாடியில் பெயிண்ட் வாளியில் மிளகாய்ச் செடி வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அதேபோல ஒரு பெரிய வாளி பார். மேல் நுனியில் சுண்ணாம்பு தடவியிருக்கிறேன், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். இது அம்மாவுக்கு இல்லை, உனக்கு.

அன்புடன்,
குகை