அப்பிளை அவித்துச் சாப்பிடு, மகள்

அன்பு மகளுக்கு,

நீ அம்மாவோடு கதைத்ததைப் பக்கத்தில் இருந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பல்லுக்குப் போட்ட அன்டிபயோட்டிக் முடிந்தும் வயிறு வழிக்கு வரவில்லை, சாப்பிட்டவுடன் ஊதிக்கொண்டு நிற்கிறது, மலம் ஒழுங்காகப் போகுதில்லை, யாரோ வேலையிடத்தில் சொன்னார்கள் என்று ஏதோ விலைகூடின மாத்திரைப் போத்தல் ஒன்று வாங்கப் போகிறாய். கொஞ்சம் பொறு. அந்தக் காசுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய அப்பிள் வாங்கலாம், முதலில் அதை அவித்துச் சாப்பிட்டுப் பார்.

வேலை செய்த காலம் முழுக்க மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். அன்டிபயோட்டிக் கூடாது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன், உன் பல்லுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அது பல்லடியில் இருக்கிற கிருமியை மட்டும் தேடிப்போய்க் கொல்வதில்லை, பெருங்குடலில் நமக்கு உதவியாக இருக்கிற பக்டீரியாக்களிலும் ஒரு பங்கை அழித்துவிடும். அவை திரும்பப் பெருக வாரக்கணக்கில் எடுக்கும். பெருகுவதற்கு அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும், அந்தச் சாப்பாடு நாம் சமிக்க முடியாமல் கீழே அனுப்புகிற நார்ச்சத்துத்தான். நீயோ இரவு வேலை, பாணும் கோழியும் கோப்பியும் என்று ஓடுகிறாய். அவைக்கு என்ன போய்ச் சேரும் சொல்லு?

அப்பிளில் பெக்டின் என்று ஒரு நார் இருக்கிறது. ஜாம் இறுகுவது அதனால்தான். அவிக்காத பச்சை அப்பிளில் அது கலங்களின் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும், அவிக்கும்போது சுவர் தளர்ந்து ஒரு பகுதி கழன்று தண்ணீரில் கரையும். சிறுகுடலில் அது சமிபடாது. பெருங்குடலுக்குப் போன பிறகு அங்குள்ள பக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சில கொழுப்பமிலங்களை உண்டாக்கும், அதில் பியூட்டிரேட் என்பது குடலின் உட்சுவரில் இருக்கிற கலங்களுக்கு முக்கியமான எரிபொருள். பச்சை அப்பிளிலும் பெக்டின் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நொந்துபோன வயிற்றுக்கு அவித்தது மெதுவாக இறங்கும். விற்றமின் சி கொஞ்சம் போகும், அதற்கு ஒரு தோடம்பழம் தின்றால் சரி.

இங்கே திருகோணமலையில் அப்பிள் என்றால் கப்பலில் வந்து, வெள்ளை வலைச் சட்டை போட்டுக்கொண்டு கடை வாசலில் இருக்கிற பழம், ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிறபோது முந்திரிகைப்பழத்தோடு சேர்த்து வாங்குவது. உனக்கு அப்படியில்லையே, அங்கே கனடாவில் ஒன்ராறியோவில் இப்போது அப்பிள் பிடுங்குகிற காலம். மக்கின்ரொஷ் என்கிற அப்பிளே உன் மாகாணத்தில் 1811 இல் ஒரு தோட்டக்காரர் கண்டெடுத்த மரத்திலிருந்து வந்ததுதான். அது சட்டியில் சீக்கிரம் கரைந்து களியாகிவிடும். பச்சை நிறத்து கிரானி ஸ்மித் புளிப்பு, துண்டு உடையாமல் நிற்கும். இரண்டிலும் பாதிப்பாதி போட்டால் புளிப்பும் இனிப்பும் சரியாக வரும், சீனியே தேவைப்படாது.

இப்ப செய்கிற விதம். நாலு அப்பிளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவு, கடையில் பளபளப்புக்கு மெழுகு பூசியிருப்பார்கள். தோலைச் சீவாதே. தோலில்தான் கரையாத நார் கூட, குவெர்செட்டின் என்கிற தாவரப் பொருளும் அங்கேதான் இருக்கிறது. நடுத்தண்டையும் விதையையும் எடுத்துவிட்டுப் பெருவிரல் நக அளவுக்கு வெட்டு. அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்புக்கு அது ஒத்துவராது, எவர்சில்வர் எடு. துண்டுகளைப் போட்டு அரைக் கோப்பைத் தண்ணீர், ஒரு துண்டுக் கறுவா, ஒரு கராம்பு, தேசிக்காய்ப் புளி சில துளி. மூடி, நெருப்பைக் குறைத்து, பதினைந்து இருபது நிமிஷம் விடு. இடையில் ஒருக்கால் கிளறி, அடியில் தண்ணீர் வற்றியிருந்தால் கொஞ்சம் தெளி. முதலில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், பிறகு தோலின் சிவப்பு இறங்கி இளஞ்சிவப்பாகி, கரண்டியைத் தூக்கினால் சொட்டு உடனே விழாமல் ஒரு கணம் தொங்கி நிற்கும். அந்தத் தடிப்புத்தான் பெக்டின். அதை வடித்து ஊற்றிவிடாதே, அதற்காகத்தான் இவ்வளவும். துண்டு ஒன்றை இரண்டு விரலால் நசித்தால் தோல் உட்பட மசிய வேண்டும்.

ஆறின பிறகு கண்ணாடிப் போத்தலில் போட்டு பிரிட்ஜில் வை, மூன்று நாலு நாள் இருக்கும். காலமை வேலையால் வந்து படுக்க முதல் சாப்பிடு. அம்மா இங்கே கிண்ணியாவிலிருந்து வருகிற எருமைத் தயிர்ச் சட்டியில் ஒரு கரண்டி வெட்டி மேலே வைத்துத் தருவா, அந்தக் கட்டித் தயிரின் புளிப்புக்கும் இந்தக் கறுவா மணத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம். அங்கே சீனி போடாத யோகட், உயிருள்ள பக்டீரியா இருக்கிறது என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கு. அப்பிள் சுடச்சுட இருக்கும்போது கலக்காதே, சூட்டில் அவை செத்துவிடும்.

முதல் நாளே கோப்பை நிறையச் சாப்பிடாதே, மகள். இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கு. அப்பிளில் சோர்பிட்டோல், பிரக்டோஸ் என்று இரண்டு வகை இனிப்பு இருக்கிறது, சிலருடைய குடல் அவற்றை உறிஞ்சாது, வாயு கூடும். அவித்தாலும் அது போகாது. நாலைந்து நாளில் ஊதல் கூடினால் உனக்கு அது ஒத்துவரவில்லை என்று அர்த்தம், விட்டுவிட்டுப் பச்சை நிறக் கிவிப்பழம் இரண்டு சாப்பிடு, இல்லாவிட்டால் பப்பாசி. தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் இன்னும் இறுகும், அதையும் பார்த்துக்கொள்.

இன்னொன்று, தோலோடு ஒரு நடுத்தர அப்பிளில் நாலு கிராம் அளவுதான் நார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே அப்பிள் ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதே. பருப்பும் கீரையும் சிவப்பரிசியும், நீ சின்னதில் மூக்கைச் சுளித்த குரக்கன் பிட்டும் அங்கே நம்முடைய ஆட்களின் கடையில் கிடைக்கும்தானே.

இதைக் கவனமாக வாசி. தண்ணீர் தண்ணீராக ஒரு நாளைக்குப் பல தரம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் கண்டாலோ, அப்பிளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உடனே டொக்டரிடம் போ. அன்டிபயோட்டிக்குக்குப் பிறகு டிபிசில் என்ற கிருமி தலைதூக்குவது உண்டு, மருந்து முடிந்து சில வாரம் கழித்துக்கூட வரும். என்ன அன்டிபயோட்டிக் எடுத்தாய் என்று டொக்டருக்குப் பேரைச் சொல்லு. வயிற்றோட்டத்தை நிறுத்துகிற மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே.

கறுவாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது எனக்குப் பெரிய விஷயம். அங்கே சினமன் என்று விற்பதில் அநேகமானது கசியா என்கிற வேறு மரத்தின் பட்டை. பட்டை தடிப்பு, ஒரே சுருளாக இருக்கும், கையால் முறிக்க ஏலாது. அதில் கூமரின் என்ற பொருள் கூட, நாளாந்தம் நிறையப் பாவித்தால் சிலருக்கு ஈரலைத் தாக்கும். நம்முடைய கறுவா காகிதம் மாதிரி மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று சுற்றினது, விரலால் அமத்தினால் நொறுங்கும், அதில் கூமரின் மிகக் கொஞ்சம். தினமும் போட்டு அவிக்கிறாய் என்றால் இதுதான் வேண்டும். மாத்தறைப் பக்கத்துக் கறுவா கொஞ்சம் அம்மா சுற்றி வைத்திருக்கிறா, முன்வீட்டுத் தம்பி மார்கழியில் ரொறன்ரோ வரும்போது கொடுத்து விடுகிறோம். அதுவரை கறுவா போடாமலே அவி, குறையொன்றும் இல்லை.

எப்படி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லு. அம்மாவுக்கு ஒளிக்காமல் சொல்லு.

அன்புடன்,
அப்பா