பரிசோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில நாட்களுக்கு முன் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், ஓர் ஊரில் நடந்த மகளிர் புற்றுநோய் கண்டறியும் முகாமைப் பற்றிய செய்தியைப் படித்தேன். குத்துவிளக்கு ஏற்றியவர், தலைமை தாங்கியவர், எத்தனை பெண்களுக்குப் பரிசோதனை செய்யப்பட்டது என்ற விவரங்களெல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குக் கர்ப்பப்பை வாயில் மாற்றம் தெரிந்தது, அவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்ற இரண்டு எண்களும் இல்லை. செய்தி எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். முகாம் நடத்துகிறவர்களே அந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து, ஓய்வு பெறும் முன் கடைசி ஆண்டுகளில் இந்தப் பரிசோதனை அறையிலேயே பணிபுரிந்தவள் என்ற முறையில், விடுபட்டுப்போன அந்த இரண்டு எண்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குப் புதிதாக வந்தது என்றும், 80,000 பேர் வரை அதனால் இறந்தார்கள் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. இத்தனைக்கும், வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கையும் களவுமாகப் பிடித்துவிடக்கூடிய நோய் இது. உடலுறவு வழியாகப் பரவும் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் தொற்று நீடித்து நிற்பதுதான் இதற்குக் காரணம். பெரும்பாலான பெண்களின் உடம்பு அந்தத் தொற்றைத் தானாகவே விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கி, கர்ப்பப்பை வாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குச் சாதாரணமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும், எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெறாத பெண்களிடம் ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலேயே முற்றிவிடலாம். அத்தனை நீண்ட காலம் நோய் நமக்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தை நாம் எப்படி வீணாக்குகிறோம் என்பதை அந்த அறைக்குள் இருந்து பார்த்திருக்கிறேன்.

பரிசோதனை மிக எளிது. கால்களை மடக்கிப் படுக்கச் சொல்லி, கர்ப்பப்பை வாய் தெரியும்படி கருவியை வைத்து, காடியில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து பஞ்சில் தொட்டுத் தடவ வேண்டும். பிறகு முழுதாக ஒரு நிமிடம் பொறுத்திருந்து, விளக்கொளியில் பார்க்க வேண்டும். கோளாறு இல்லையென்றால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். செல்கள் மாறியிருந்தால், பால் சிந்திக் காய்ந்ததைப் போல ஒரு வெள்ளைத் திட்டு கண்ணெதிரே மெல்ல எழும்பும். அந்த ஒரு நிமிடமும், படுத்திருக்கும் பெண் நோய்க்காகப் பயப்படுவதைவிட, கதவை யாராவது திறந்துவிடுவார்களோ என்றுதான் அதிகம் பயப்படுவாள். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் பரிசோதனை செய்த நாட்களும் உண்டு. திரைச்சீலைக்கும் தாழ்ப்பாளுக்கும் ஆகும் செலவு அற்பம். அவை இல்லாததால் பாதியில் எழுந்து போன பெண்களை நான் மறக்கவில்லை.

திட்டு தெரிந்தால் என்ன செய்வோம்? ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரியில் போய்க் காட்டும்மா" என்போம். தோட்டத்தில் முருங்கைக்காய் பறிக்கும் நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவருக்கு அப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் ஒருமுறை போனார். அன்று அந்த மருத்துவர் விடுப்பு என்று சொல்லி, அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்களாம். வியாழக்கிழமை போனால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் ஆகும், கூட வர ஆள் வேண்டும், வீட்டில் கேட்டால் எதற்கு என்று சொல்லவும் வேண்டும். அந்த வியாழன் வரவே இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, விடாத உதிரப்போக்கோடும் இடுப்பு வலியோடும் அவர் மறுபடியும் எங்கள் நிலையத்துக்கு வந்தபோது, குடும்ப அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து, கிழியாமல், பத்திரமாக வைத்திருந்தார். அவருக்குப் பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தும் பயனில்லாமல் போயிற்று. அந்தச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக "பரிந்துரைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன். அரசுக் கணக்கில் அது வேலை முடிந்ததற்கு அடையாளம்.

வேறு வழி இல்லாமல் இப்படி நடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் வேறு வழியைக் காட்டியதே எங்கள் திண்டுக்கல் மாவட்டம்தான். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையுடனும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துடனும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் தொடங்கி 2003 வரை, முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களுக்கு இதே அசெட்டிக் அமிலப் பரிசோதனையைச் செய்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்தார்கள். திட்டு தெரிந்த பெண்களை உருப்பெருக்கிக் கருவி வழியாக அவர்களே மீண்டும் பார்த்தார்கள். தக்கவர்களுக்கு அதே வருகையிலேயே குளிர்ச்சிகிச்சை கொடுத்து அந்தத் திட்டை உறையவைத்து அழித்தார்கள். பெரிதாகப் பரவியிருந்தவர்களையும் புற்றுநோய் என்று ஐயப்பட்டவர்களையும் மட்டும் மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் இந்நோய் வருவது கால் பங்கு குறைந்தது. இதனால் ஏற்படும் இறப்பு நூற்றுக்கு முப்பத்தைந்து குறைந்தது. என் நாத்தனாரும் அந்த முகாமுக்குப் போனவர். காலையில் போனவர், சிகிச்சையையும் முடித்துக்கொண்டு, மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வீடு வந்து சேர்ந்துவிட்டார். இன்றும் நலமாக இருக்கிறார். என் நாத்தனாருக்கும் அந்த முருங்கைத் தோட்டத்துப் பெண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு வியாழக்கிழமைதான்.

உலகின் பல நாடுகள் மேற்கோள் காட்டும் ஆய்வு நம் மண்ணில் நடந்திருக்க, அதன் முதல் பாதியான பரிசோதனையை எடுத்துக்கொண்டு, மறுபாதியான உடனடிச் சிகிச்சையைப் பல இடங்களில் விட்டுவிட்டோம் என்பதே என் ஆற்றாமை. குளிர்ச்சிகிச்சைக்குக் கனமான வாயு உருளை தேவைப்பட்டது, கிராமங்களுக்கு எடுத்துச் செல்வது கடினம் என்று முன்பு காரணம் சொன்னார்கள். இப்போது அந்தக் காரணமும் இல்லை. மின்கலத்தில் இயங்கும், கையில் பிடிக்கக்கூடிய வெப்பச் சிகிச்சைக் கருவி வந்துவிட்டது. நூறு டிகிரி வெப்பத்தில் அரை நிமிட அளவில் வேலை முடிகிறது. 2019-இலேயே உலக சுகாதார நிறுவனம் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. திட்டு முழுதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உட்புறமாகப் போயிருக்கக் கூடாது, புற்றுநோய் என்ற ஐயம் இருக்கக் கூடாது, கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. இவற்றைச் சரிபார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அன்றைக்கே முடித்து அனுப்பலாம்.

அப்படி முடித்து அனுப்பாததால் வேறொரு கேடும் நடக்கிறது. சீட்டைக் கையில் வாங்கிய பெண், புற்றுநோய் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறாள். பயந்துபோய்த் தனியார் மருத்துவமனைக்குப் போன சிலரிடம் கர்ப்பப்பையையே எடுத்துவிடும்படி சொல்லியிருக்கிறார்கள். அரை நிமிடச் சிகிச்சையில் தீர வேண்டியதற்கு, நகையை அடகு வைத்து, முப்பத்து நான்கு வயதில் கர்ப்பப்பையை இழந்து வந்த ஒரு பெண்ணின் தையலை நானே பிரித்திருக்கிறேன். வெள்ளைத் திட்டு என்பது புற்றுநோய் அல்ல. கவனிக்காமல் விட்டால் அப்படி ஆகக்கூடியது என்பதைச் சொல்லிப் புரியவைக்க, ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும் முகாமில் அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்?

பெண்களும் தாமதமாக வருகிறார்கள் என்பது உண்மை. வெள்ளைப்பட்டால் உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும் குடிப்பார்கள். மாதவிடாய் நின்று இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து உதிரம் பட்டால், நின்றது திரும்பி வந்துவிட்டது என்று இருந்துவிடுவார்கள். நின்றபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் காரணத்தைக் கண்டறிந்தே ஆக வேண்டும். கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய்க்கு அதுவே பெரும்பாலும் முதல் அடையாளம். சினைப்பைப் புற்றுநோயோ வயிற்று உப்புசமாகவும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்ததாகவும் தோன்றி, வாயுத் தொல்லை என்ற பெயரில் மாதக் கணக்கில் மறைந்துகொள்ளும். அதற்கு முன்கூட்டியே கண்டறியும் எளிய பரிசோதனை எதுவும் இல்லை. இருக்கும் ஒன்றையாவது ஒழுங்காகப் பயன்படுத்தலாமே என்ற ஆதங்கம் இதனாலேயே எனக்கு மிகுதி.

இதில் ஆண்களுக்கும் பங்குண்டு, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. திட்டை அழித்த பிறகு நான்கு வாரங்களுக்குத் தாம்பத்திய உறவு கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்வோம்; "அதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சிஸ்டர்" என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கும் கணவரை அழைத்தால், அது பெண்கள் சமாச்சாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது பெண்கள் சமாச்சாரம் மட்டும் அல்ல. அதே ஹெச்.பி.வி. தொற்று ஆண்குறிப் புற்றுநோய்க்கும் ஒரு காரணம்; முன்தோல் பின்னுக்கு வராமல் இறுகியிருப்பதும், சுத்தமின்மையும், புகையிலையும் மற்ற காரணங்கள். ஆறாத சிறு புண்ணோடு தொடங்கும்போதே காட்டினால் உறுப்பைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் கட்டட வேலை செய்யும் ஒருவர், மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு ஓராண்டு மறைத்து, கைலியில் சீழ் கசியத் தொடங்கிய பிறகு மனைவியின் வற்புறுத்தலால் வந்தார். எங்களிடம் ஆண் மருத்துவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார், வேறெதுவும் பேசவில்லை. விரையில் வலியில்லாமல் ஒரு கட்டி தட்டுப்பட்டால் பதினெட்டு வயதுப் பையன் அதை யாரிடம் சொல்வான்? பரவிய பிறகும்கூடப் பெரும்பாலும் குணப்படுத்திவிடக்கூடிய அரிதான புற்றுநோய்களுள் விரைப் புற்றுநோய் ஒன்று. சிறுவயதில் விரை இறங்காமல் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதால், ஆண் குழந்தைக்கு ஆறு மாதத்திலும் விரை கீழே இறங்கவில்லையென்றால் தாய்மார்கள் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்ட வேண்டிய இலக்காக மூன்றைச் சொல்கிறது: நூற்றுக்குத் தொண்ணூறு சிறுமியருக்குப் பதினைந்து வயதுக்குள் தடுப்பூசி, எழுபது பெண்களுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் ஒருமுறையும் நாற்பத்தைந்து வயதுக்குள் மறுமுறையும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் தொண்ணூறு பேருக்குச் சிகிச்சை. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), முப்பது முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ பத்துப் பேர். மற்ற மாநிலங்களைவிட நாம் முன்னே இருக்கிறோம் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. அதற்கு உழைத்த செவிலியர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் எஞ்சிய தொண்ணூறு பேர் இருக்கிறார்கள். படுத்துப் பரிசோதிக்கக் கூச்சப்படுவோர் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கக்கூடிய ஹெச்.பி.வி. பரிசோதனையையும் பரவலாகக் கொண்டுவரலாம். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) மாவட்டத்தில் 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்த ஆய்வு, ஹெச்.பி.வி. பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததாலேயே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2009-இல் காட்டியது.

எனவே சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது இதுதான். பரிசோதனை நடக்கும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வெப்பச் சிகிச்சைக் கருவியும் அதற்குப் பயிற்சி பெற்றவரும் இருக்க வேண்டும். மேல்சிகிச்சைக்கு அனுப்பியே தீர வேண்டியவர்களை, மாதத்தில் குறித்த ஒரு நாளில், வாகனம் வைத்து, துணைக்கு ஒரு சுகாதாரத் தன்னார்வலரோடு அனுப்ப வேண்டும். பதிவேட்டில் "பரிந்துரைக்கப்பட்டது" என்ற இடத்தில் ஒரு பெயர் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால், அந்த வீட்டுக் கதவை யாராவது போய்த் தட்ட வேண்டும். தங்கள் செய்தியாளர்களும் அடுத்த முகாமுக்குப் போகும்போது, மேடையில் இருப்பவர்களிடம் நான் முதலில் சொன்ன அந்த இரண்டு எண்களைக் கேட்டு வெளியிட்டால், கேள்விக்குப் பயந்தாவது கணக்கு எழுதத் தொடங்குவார்கள்.

தடுப்பூசி வந்துவிட்டதால் இனிக் கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பதினான்கு வயதுச் சிறுமியருக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததை மனமார வரவேற்கிறேன். ஆனால் அது ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றைப் போக்காது. இன்று முப்பதைக் கடந்த பெண்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும்தான் காவல். தடுப்பூசி போட்டுக்கொண்ட சிறுமியரும் பிற்காலத்தில் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும். பத்து வயதாகும் என் பேத்திக்குப் போன கோடை விடுமுறையில் ஊசி போட்டாயிற்று. அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் மகளுக்கு, வரும் ஆவணியில் முப்பத்தைந்து நிறைகிறது. வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டாள். இந்த முறை நானே கையைப் பிடித்து அழைத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.