250 ரூபாய் துண்டுக்கு வரி எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடைக்குப் பில் போடும் மென்பொருள், கணினி மாணவர்கள் வழக்கமாக எடுக்கும் புராஜெக்ட். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் இரண்டு பில் போட்டுக் காட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அது போதாது.

காரைக்குடிக் கைத்தறிக் கடையிலிருந்து வெளிமாநிலத்துக்குப் போகும் துண்டையே எடுத்துக்கொள்வோம். விலை 270 ரூபாய், வரி 5 விழுக்காடு என்றால் 13 ரூபாய் 50 காசு. பைத்தான் என்னும் நிரல்மொழியில் முழு எண்ணாக்கும் ரவுண்ட் கட்டளை இதை 14 ஆக்கும், சரிதான். விலை 250 என்றால் வரி 12 ரூபாய் 50 காசு. அதே ரவுண்ட் இப்போது 12 என்று சொல்லும். சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது பைத்தான் 3-இன் வழக்கம். 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆவது பிரிவோ, 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் முழு ரூபாயாக்கச் சொல்கிறது. 270-ஐ மட்டும் தட்டிப் பார்த்தவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது.

இதைப் பிடிக்கத்தான் யூனிட் டெஸ்ட்: நிரலின் ஒரு சிறு பகுதி சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் குறுநிரல். அதை ஓட்டித் தரும் பைடெஸ்ட் திறந்த மூலக் கருவி; காசு கொடுக்க வேண்டாம். ‘பிப் இன்ஸ்டால் பைடெஸ்ட்’ என்று கணினியில் ஒரு கட்டளை அடித்தால் வந்துவிடும். ‘டெஸ்ட்’ என்று பெயர் தொடங்கும் ஒரு ஃபங்ஷனுக்குள் (நிரலின் பெயரிட்ட சிறு பகுதி), 250 ரூபாய்க்கு வரி கணக்கிடும் வரி(250) என்பது 13-க்குச் சமம் என்று ஒரே ஒரு அசெர்ட் (இது உண்மையாக இருக்க வேண்டும் என்னும் கூற்று) எழுதி ஓட்டினால், ‘12 == 13’ என்று சிவப்பில் காட்டி, அந்த 12 வரி(250)-இலிருந்து வந்தது என்பதையும் சொல்லும். கணக்கைப் பைத்தானின் டெசிமல் என்னும் தசம எண் வகைக்கு மாற்றி, சரிபாதியை மேலே தள்ளும் ரவுண்ட் ஹாஃப் அப் கொடுத்தால் பச்சை, அதாவது தேறியது. பிழை தீர்ந்ததென்று அந்த டெஸ்ட்டை அழித்துவிடக் கூடாது. நாளை வேறொருவர் நிரலில் அதே இடத்தில் கை வைப்பார்.

மாணவர்கள் வழுக்கும் இடம் பெயரில்தான். ஃபங்ஷன் பெயர் ‘டெஸ்ட்’ என்று தொடங்காவிட்டால் பைடெஸ்ட் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மற்றவை பச்சையாக வரும். எல்லாம் தேறியதாகத் தோன்றும். அதனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் எத்தனை டெஸ்ட் ஓடின என்ற எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இன்னொன்று தேதி. பில் எண்ணை நிதியாண்டுக்கு ஒருமுறை 1-இலிருந்து தொடங்கும் கடைகளுக்கு எழுதும்போது, நிரலுக்குள்ளேயே இன்றைய தேதியை எடுத்தால் மார்ச் 31 வரை தேறும் டெஸ்ட் ஏப்ரல் 1 அன்று விழும். தேதியை வெளியிலிருந்து கொடுத்து, இரண்டு நாளுக்கும் தனித்தனி டெஸ்ட் எழுத வேண்டும்.

பேரேடு எழுதியவரே ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கை எடுத்துச் சரிபார்த்து வைத்த வட்டாரம் இது. இங்குள்ள கல்லூரிகள் அடுத்த பருவத்திலிருந்தாவது வைவாவில் டெஸ்ட்டுகளைத் தேர்வாளர் முன்னிலையில் ஓட்டச் சொல்ல வேண்டும். ஓட்டி முடித்ததும் நிரலில் ஒரு கூட்டலைக் கழித்தலாக மாற்றி மறுபடி ஓட்டச் சொல்லட்டும். அப்போதும் பச்சையே வந்தால், பிழையைப் பிடிக்காத அந்த டெஸ்ட்டுகளுக்கு மதிப்பெண் போடக் கூடாது.

– நிரலாளர்கள் இருவர்,
தேவகோட்டை