இந்தமுறை நான் கேட்கப் போகிறேன்

அன்பு மகளுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கோபத்தோடு ரெலிபோனை வைத்துவிட்டாய். "அப்பாவும் இல்லை, அறுபத்தி மூண்டு வயசில உங்களுக்கேன் அம்மா இந்தத் தலையிடி? காணியைக் குத்தகைக்குக் குடுத்திட்டுப் பேசாம இருங்கோ" என்றாய். உடனே மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று இரவு படுக்கையில்தான் எல்லாம் வரிசையாக வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். சித்தியின் மகன் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான்.

ஓம் பிள்ளை, எங்கள் கமக்காரர் அமைப்பின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் இடத்துக்குப் போட்டியாக நான் கேட்கப் போகிறேன். பிரேரிக்கவும் வழிமொழியவும் ஆட்கள் இருக்கிறார்கள், இருவரும் எங்கள் வாய்க்கால்காரர். இனிப் பின்வாங்க மாட்டேன்.

ஏன் என்று கேட்டாய். இந்தச் சிறுபோகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உனக்குக் காலபோகம்தான் ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து வரம்பில் நண்டு பிடித்தது எல்லாம் மாரியில்தானே. காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகம் முழுக்கக் குளத்துத் தண்ணீர். அப்பா விதைத்த காலத்தில் எங்கள் கிளிநொச்சி இரணைமடு 34 அடித் தண்ணீர் கொள்ளும் குளம், பிறகு அணையைத் திருத்தி 36 அடியாக்கினார்கள். அப்படியும் கீழேயுள்ள வயல் எல்லாவற்றையும் சிறுபோகத்தில் விதைக்கத் தண்ணீர் காணாது. அதனால் போகத்துக்கு முந்தி அரசாங்க அதிபரின் தலைமையில் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, இத்தனை ஏக்கர் செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். அந்த ஏக்கரை அமைப்புகளுக்குப் பிரிப்பார்கள். அமைப்பு ஆளுக்கு ஆள் பங்கு போடும். இந்தமுறை எங்கள் மூன்று ஏக்கருக்கு ஒரு ஏக்கர் பங்கு கிடைத்தது.

இதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் குறைவென்றால் எல்லாரும் குறைத்துச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பங்குப் பட்டியலை நாங்கள் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அது செயலாளரின் பையில் இருக்கிறது. கூட்டத்தில் வேகமாக வாசித்தபோது இரண்டு பெயர் எனக்கு விளங்கவில்லை. எங்கள் பகுதியில் அப்படி யாரும் வயல் செய்வதாக நான் அறியவில்லை. எழுந்து கேட்டேன். "அக்கா, அதெல்லாம் சரி பாத்ததுதான், இருங்கோ" என்றார். இருந்துவிட்டேன். அந்த இருத்தல்தான் என்னை இன்றைக்கும் சுடுகிறது.

அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவர், எட்டுச் செலவு வரைக்கும் வந்து நின்றவர், அதை நான் மறக்க மாட்டேன். அவர் வீட்டுக்கே போய், "தம்பி, இந்தமுறை நான் கேட்கப் போறன், பிறத்தியார் சொல்லி நீங்கள் அறியக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தேத்தண்ணி தந்தார். முகம்தான் கொஞ்சம் வாடிப்போனது.

பங்கு ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம். எங்களுடையது வாய்க்காலின் கடைசிக் காணி. வைகாசியில் பயிர் குடலைப் பருவம், கதிர் வெளியே வர முந்திய நேரம், அந்த நேரம் வயல் காய்ந்தால் நெல் சப்பியாகிவிடும். எங்கள் முறை இரவு. ரோர்ச் லைற்றும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய் மடையில் குந்தியிருந்தேன். பதினொரு மணியாகியும் வாய்க்காலில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. மேலே நடந்தேன். நாலு காணி தாண்டி, ஒரு மடைக்குப் பக்கத்தில், வாய்க்காலுக்குக் குறுக்கே மண் நிரப்பிய உரப்பைகள் மூன்று. மேலே வைக்கோலும் சேறும் வைத்து அப்பியிருந்தது. தண்ணீர் பக்கத்து வயலுக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது, அந்த வயல் ஏற்கெனவே நிரம்பி வரம்பால் வழிந்தது. முதல் இரண்டு பையையும் இழுத்துப் போட்டேன். மூன்றாவது அசையவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி முதுகைக் கொடுத்துத்தான் புரட்டினேன். தண்ணீர் வந்த வேகத்தில் ஒரு செருப்பும் போய்விட்டது. ரோர்ச் வெளிச்சத்தில் வாய்க்காலின் காய்ந்த அடி கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி, அதோடு கூடவே எங்கள் வயல் வரைக்கும் நடந்தேன்.

இதை உனக்குச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், இரவில் தனியே ஏன் போனீர்கள் என்று நீ அழுவாய். ஆனால் எங்கள் வாய்க்காலில் ஆண் துணை இல்லாமல் வயல் செய்கிற பெண்கள் நான் மட்டுமா? 2009இல் யுத்தம் முடிந்த பிறகு, முகாமிலிருந்து திரும்பி வந்து, மண்வெட்டியை முதல் முதலாகக் கையில் பிடித்த எத்தனை பேர் இருக்கிறார்கள். இரவு முறை வந்தால் சிலர் வாய்க்காலுக்குப் போவதே இல்லை. அவர்களின் தண்ணீர் அன்றைக்கு வேறு யாருடைய வயலுக்கோ போகிறது.

அன்று தொடக்கம் ஒரு சீ.ஆர். கொப்பியில் தண்ணீர் வந்த நாளும் நேரமும் எழுதிவருகிறேன். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பக்கத்துக் காணிக்காரர் "நீங்களே செயலாளரா வாங்கோ அக்கா" என்றார்.

நான் வந்தால் பெரிதாக ஒன்றும் செய்யப் போவதில்லை. பங்குப் பட்டியலை விதைப்புக்கு முந்திப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் எல்லாரும் பார்க்க ஒட்டுவேன். தண்ணீர் முறையைப் பெயரோடும் நேரத்தோடும் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டுவேன். கணக்கைக் கூட்டத்தில் ஆறுதலாக, விளங்கும்படி வாசிப்பேன். தனியே போகப் பயப்படுகிறவர்களின் இரவு முறைக்கு இரண்டு பேராகப் போக ஒழுங்கு செய்வேன்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதே. யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, குளத்தை நம்பியிருக்கிற கமக்காரரின் அமைப்புகள் விடாமல் நின்று பேசின. பிறகு யாழ்ப்பாணத்துக்கென்று தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கும் தண்ணீர் வேண்டும்தான், அவர்களும் எங்கள் சனம். நான் சொல்வது, அமைப்பு என்று ஒன்று இருந்தபடியால்தான் எங்கள் பக்கத்துக் கதையையும் காது கொடுத்துக் கேட்டார்கள். அப்படிப்பட்ட அமைப்பின் பட்டியல் ஒருவருடைய பைக்குள் கிடக்கக்கூடாது.

காணி விஷயமும் உனக்குத் தெரிய வேண்டும். எங்களுடையது அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தில், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் ஒருவர் செத்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்று கிடந்தது, 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். அப்பா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. உனக்குத் தம்பி இருந்தும் உன்னுடைய பெயரைத்தான் எழுதிவைத்தார். எனக்குப் பிறகு இந்த வாய்க்காலின் கடைசிக் காணி உன்னுடையது. நீ வந்து வயல் செய்யாவிட்டாலும் தண்ணீர் வருகிற காணியாக அது உன் கைக்கு வர வேண்டும்.

இனி உன்னிடம் ஒரு உதவி. உன் மாமாவின், அதுதான் மருமகனின் அப்பாவின், இரண்டரை ஏக்கரையும் ஒரு பிள்ளை குத்தகைக்குச் செய்கிறாள், உனக்கும் அவளைத் தெரியும். கமநல சேவைகள் நிலையத்தின் பதிவில் மாமாவின் பெயர்தான் இருக்கிறது. உர மானியக் காசு அவருடைய கணக்குக்குப் போகிறது. அவளுக்குக் கூட்டத்தில் கை தூக்கவும் முடியாது. ரொறன்ரோவில் இருக்கிற மாமாவுக்கு அந்தக் காசு வந்ததே தெரியாமல் இருக்கலாம். எழுதிக் கொடுத்தால் காணி போய்விடும் என்று அவர் பயப்படுவார். குத்தகைக்குச் செய்கிறவருக்கு உரிமை கொடுத்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வந்த காலத்திலிருந்தே காணிக்காரருக்கு அந்தப் பயம் இருக்கிறது, அதை நான் பிழை சொல்ல மாட்டேன். காணியை எழுதித் தரச் சொல்லவில்லை. இந்தக் காலபோகம் இந்த வயலைச் செய்கிறவள் இவள்தான், மானியம் இவளுக்குச் சேர வேண்டும் என்று ஒரு கடிதம், கையெழுத்தோடு. அது போதும். அதைக் கொண்டுபோய்க் கமநல சேவைகள் நிலையத்தில் நானே கதைக்கிறேன். இதை நான் சம்பந்தியிடம் கேட்டால் முறையாக இருக்காது. நீ கேட்டால் மறுக்க மாட்டார்.

கூட்டம் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. உங்களுக்கு அது வெள்ளி இரவு. வெல்வேனோ தெரியாது, எண்ணிப் பார்த்தால் கை சரிக்குச் சரி வரும்போல இருக்கிறது. தோற்றாலும் கொப்பி எழுதுவதை விடமாட்டேன். அப்பாவின் குடையையும், நீ போனமுறை கொண்டுவந்த நீலச் சேலையையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

மாமாவிடம் கதைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு முந்தி எனக்கு ஒரு கோல் எடு. கோபமாக இருந்தாலும் எடு.

அன்புடன்,
அம்மா