பொது வாசகர்களுக்கான நூல் என்று அட்டையில் அச்சிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பணவீக்கம் பற்றிய நூலை வெளியிட்ட ஆசிரியர் குழுவினருக்கும் நூலாசிரியருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் நான்கு மாதங்களாகப் படித்துவந்த உங்கள் நூலைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை பாதியிலேயே நிறுத்திவிட்டது. தொடங்கியபோது பதினான்கு பேர் இருந்தோம். அன்று வந்தவர்கள் நால்வர். நூலாசிரியரின் உழைப்பையோ புலமையையோ நாங்கள் ஐயுறவில்லை. ஆனால், பின்னட்டையில் 'பொது வாசகர்களுக்காக' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் வாங்கினோம்.

எங்கள் வட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் கணக்கை ஒன்பது ஆண்டுகளாக எழுதிவரும் அம்மா ஒருவர் இருக்கிறார். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு இருபத்து நான்கு விழுக்காடு என்பதை விரல் மடக்காமல் சொல்வார். 'மெய் வட்டி விகிதம்', அதாவது விலையேற்றத்தைக் கழித்தபின் மிஞ்சும் வட்டி, என்ற இயலை அவர் மூன்று முறை படித்தார். குறியீடுகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்த பதினோரு பக்கங்களில், வங்கியில் போட்ட பணத்துக்கு என்ன நேர்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. "எனக்குப் படிப்பு போதாது, தம்பி" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். அந்தச் சொல்தான் இம்மடலை எழுத வைத்தது. குறை அவருடைய படிப்பில் இல்லை.

நூறு ரூபாயை ஆறு விழுக்காடு வட்டிக்குப் போட்டால் ஆண்டு முடிவில் நூற்று ஆறு கிடைக்கும். அதே ஆண்டில் நூறு ரூபாய் மளிகை நூற்று ஏழு ரூபாய் ஆகிவிட்டால், வட்டி வந்த பிறகும் அதே மளிகைக்கு ஒரு ரூபாய் குறைகிறது என்று அன்று மாலை அவரிடம் சொன்னேன். "இதைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோமே" என்றார். பதினோரு பக்கங்களின் தொடக்கத்தில் இந்த நான்கு வரிகளை வைப்பதால் ஆய்வின் தரம் எப்படிக் குறையும் என்று எனக்கு விளங்கவில்லை.

பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் கேட்டுவிட்டு, விலை ஏன் இறங்கவில்லை என்று குழம்பாதவர் எங்கள் ஊரில் அரிது. விலை ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை அப்படியே நிற்கிறது என்பதை ஒரு பத்தியில் தெளிவாக்கியிருக்கலாம். குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலை மாற்றத்தை, 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு அளந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 விழுக்காடாக இருந்தது; தக்காளி விலை ஏறினால் நாட்டின் கணக்கே ஏன் ஆடுகிறது என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது. அதைப் பின்னிணைப்பு அட்டவணையில் ஒரு வரியாக விட்டுவிட்டு, அந்தக் குறியீட்டைக் கணக்கிடும் லாஸ்பியர் சூத்திரத்தை முதல் இயலிலேயே வைத்தது யாருக்காக?

வட்டி, அசல், அடகு, சீட்டு என்று கடன் வாழ்வின் ஒவ்வொரு நெளிவுக்கும் சொல் வைத்திருக்கும் மொழியில், பொருளியலை மட்டும் பல்கலைக்கழக வாசலுக்குள் நிறுத்திவைப்பது வருத்தமாக இருக்கிறது. விலையும் வட்டியும் யாரை அதிகம் வருத்துகின்றனவோ அவர்களுக்கே இந்த அறிவு எட்டாமல் போகிறது. இது உங்கள் ஒரு நூலின் குறை மட்டுமன்று என்பதை அறிவேன். ஆயினும் நாங்கள் பணம் கொடுத்து வாங்கியது உங்கள் நூலை.

ஆகவே பணிவுடன் கேட்கிறோம்: அடுத்த பதிப்பில் ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சேருங்கள், சூத்திரங்களைப் பின்னிணைப்புக்கு மாற்றுங்கள், கலைச்சொற்களுக்கு எளிய விளக்கப் பட்டியல் கொடுங்கள். இயலாதெனில், பின்னட்டையிலுள்ள அந்தச் சொல்லையாவது நீக்கிவிடுங்கள். திருத்திய முதல் இயலை அச்சுக்கு முன் எங்களுக்கு அனுப்பினால், வட்டத்தில் உரக்கப் படித்து, எந்த வரியில் தடுக்கினோம் என்று குறித்து அனுப்புகிறோம். முதலில் படிக்கப்போகிறவர் அந்த அம்மாதான்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தின் சார்பில் ஓர் உறுப்பினர்